ஒரு நாள் சென்னைப் பயணம், 24 பிள்ளைகள், 2000 ரூபாய்: எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் எங்கே வாங்குவது?

மின்மினி டீச்சர் | வியாழன், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். விளாத்திகுளம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 24 பிள்ளைகள். இந்தப் பருவத்தில் ஆளுக்கொரு தண்ணீர்த் தொட்டி அலாரம் செய்ய வைக்கணும் என்று ஆசை. எங்கள் ஊரில் மோட்டாரைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், தொட்டி வழிந்து தெருவில் ஓடும். கோடையில் அதே தெருவில் குடத்தோடு வரிசையில் நிற்போம். பிள்ளைகள் தங்கள் கையால் செய்ததை அவரவர் வீட்டுத் தொட்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

சர்க்யூட் ரொம்ப எளிது. ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், 10கே ரெசிஸ்டர் ஒன்று, 1கே ஒன்று, ஒரு எல்இடி, ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி. தண்ணீர் இரண்டு கம்பிகளையும் தொட்டதும் பஸ்ஸர் கத்தும்.

இங்கே டவுனில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் கேட்டேன். பிசி547 ஒன்று 10 ரூபாய், அதுவும் ஆறுதான் இருக்கிறது என்றார். கையில் இருப்பது 2000 ரூபாய். வரும் ஞாயிறு சென்னையில் உறவினர் கல்யாணம், சனி காலையே எழும்பூரில் இறங்கிவிடுவேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகலாமா, ஆன்லைனில் போடலாமா? பார்ட்ஸ் கடைக்கு இதுவரை போனதே இல்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியாது.

ஈயப்புகை | வியாழன், இரவு 10:05

டீச்சர், தாராளமா போங்க. சனிக்கிழமைன்னா நல்லதாப் போச்சு, ஞாயிறுன்னா பாதிக்கு மேல ஷட்டர் இறங்கிக் கிடக்கும். எழும்பூர்ல இருந்து ஆட்டோ புடிக்கலாம். மெட்ரோன்னா சென்ட்ரல்ல மாறி அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்குங்க, அங்க இருந்து நடைதான். ரிச்சி தெருன்னு சொல்றோமே தவிர அது ஒரு தெரு இல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுன்னு சுத்தி எல்லாத்துலயும் கடை. மெயின்ல கண்ணாடி போட்ட கடை முக்கால்வாசி லேப்டாப், சிசிடிவி, மொபைல் சாமான். அங்க நின்னு ரெசிஸ்டன்ஸ் கேட்டா முழிப்பாங்க. உள்ள நுழைஞ்சு, சுவர் பூரா சின்னச் சின்ன டிராயர் அடுக்கின கடையாப் பாருங்க. அதுதான் நம்ம கடை.

போகுமுன்ன லிஸ்ட்ட சரியா எழுதுங்க. "10கே ரெசிஸ்டன்ஸ்"னு மட்டும் எழுதாதீங்க. "10கே, கால் வாட், 100 எண்ணம்"னு எழுதுங்க. கவுண்டர்ல நிக்கிற பையனுக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான். லிஸ்ட் தெளிவா இருந்தா நம்ம கிட்ட வாங்கிப் படிச்சுட்டு அவனே எடுத்துப் போட்டுருவான். பேப்பர்ல எழுதி ரெண்டு காப்பி வச்சுக்குங்க, ஒண்ணு அவன் கையில, ஒண்ணு உங்க கையில.

24 பேருன்னு 24 வாங்காதீங்க. ரெசிஸ்டன்ஸ், டிரான்சிஸ்டர், எல்இடி மூணும் 100 எண்ணமா வாங்குங்க. லூஸ்ல 30 வாங்குற காசுக்கும் 100 பாக்கெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பிள்ளைங்க கால ஒடிப்பாங்க, சூடு அதிகமா வச்சுக் கருக்குவாங்க, மாத்திச் சொருகுவாங்க. அதெல்லாம் நடந்தாத்தான் கத்துக்குவாங்க.

ஓம் விதி | வியாழன், இரவு 11:20

பெங்களூரில் ஹார்ட்வேர் வேலை. இங்கே எஸ்பி ரோடு, ஐதராபாத்தில் கோட்டி குஜராத்தி கல்லி, மும்பையில் லேமிங்டன் ரோடு எல்லாம் சுற்றியிருக்கிறேன். டீச்சரின் பட்டியலுக்கு ஆன்லைன் தேவையில்லை. எல்லாமே தெருக்கடைச் சரக்கு.

ஆனால் இந்த இழையை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். எதை எங்கே வாங்குவது என்பதற்கு எனக்கு ஒரு கோடு உண்டு. பழுதானால் பார்த்தவுடன் தெரிகிற, விலை குறைந்த பாகங்களை (ரெசிஸ்டர், எல்இடி, ஸ்விட்ச், கனெக்டர், சாதாரண டையோடு) தெருவில் வாங்கலாம். பழுதானாலும் வேலை செய்வதுபோலவே நடிக்கிற பாகங்களை (மின்கலம், ரெகுலேட்டர் ஐசி, சென்சார், பவர் மாஸ்ஃபெட்) தயாரிப்பாளர் அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் மட்டுமே வாங்குகிறேன். டிஜிகீ, மௌசர், எலிமெண்ட்14 மூன்றும் அந்த வகை. விலை கூடும், சிறு ஆர்டருக்குக் கூரியர் செலவு வலிக்கும். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் தாங்கும்.

இரண்டுக்கும் நடுவே ஆர்டுயினோ, சென்சார் போர்டு, மோட்டார் டிரைவர் மாதிரி மாட்யூல் (பாகங்கள் பொருத்தித் தயாராக வரும் குட்டி போர்டு) விற்கிற நம் நாட்டுத் தளங்கள் இருக்கின்றன. புனேயிலிருந்து ரோபு, பெங்களூரிலிருந்து ரோபோகிரேஸ், கொச்சியிலிருந்து ரைடோலேப்ஸ். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இவை பெரிய வரம். 2020 நவம்பரில் சீனத் தளமான அலிஎக்ஸ்பிரஸ் இந்தியாவில் தடையான பிறகு நம் பக்கம் பலரும் இங்கேதான் வந்து சேர்ந்தோம்.

டீச்சருக்கு ஒன்று: பள்ளிக் கணக்கில் காட்ட வேண்டுமானால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பாகங்களுக்கு 18 சதவீதம். விலை பேசும்போதே "பில்லோடு எவ்வளவு" என்று கேட்டுவிட்டால் கடைசியில் குழப்பம் வராது.

டாட்போர்டு தம்பி | வெள்ளி, காலை 7:40

கோவை பாலிடெக்னிக் மாணவன். ஓம் விதி அண்ணன் சொன்ன "வேலை செய்வதுபோல நடிக்கிற பாகம்" எனக்கு நடந்தது. பிராஜெக்டுக்கு எல்எம்2596 பக் மாட்யூல் (12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் குட்டி போர்டு) ஒரு கடையில் வாங்கினேன், மற்ற இடத்தைவிடப் பாதி விலை. மல்டிமீட்டரில் 5 வோல்ட் அழகாக நின்றது. லோடு ஏற்றினதும் கை வைக்க முடியாத சூடு, நாற்பது நிமிடத்தில் அவுட்புட்டில் 12 வோல்ட் நேராக வந்து என் கன்ட்ரோலர் போர்டு போய்விட்டது. வைவாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்று அழுதேன்.

அப்புறம் லேப் சார் ஆசிலாஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) அதே வகை இன்னொரு மாட்யூலைப் போட்டுக் காட்டினார். எல்எம்2596 என்றால் 150 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை, ஸ்விட்ச் ஆக வேண்டும். இது 50 பக்கத்தில் ஓடியது. உள்ளே இருப்பது வேறு ஏதோ பழைய சில்லு, மேலே பெயர் மட்டும் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். சுற்றியுள்ள காயில் 150-க்குக் கணக்குப் போட்ட சிறிய காயில், அதனால்தான் அவ்வளவு சூடு என்றார்.

மின்மினி டீச்சர் | வெள்ளி, காலை 8:15

தம்பி, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. என் பட்டியலில் அப்படிப் போலி வரக்கூடியது எது? வாங்கும்போதே கவுண்டரில் நின்று பார்க்க வழி உண்டா? என்னிடம் ஒரு சின்ன மல்டிமீட்டர் இருக்கிறது.

ஈயப்புகை | வெள்ளி, மதியம் 1:30

மீட்டரக் கட்டாயம் பையில போட்டுக்குங்க டீச்சர். அதோட ஒரு 9 வோல்ட் பேட்டரியும் ரெண்டு முதலைக் கிளிப் வயரும்.

உங்க லிஸ்ட்ல போலிய விட மாறிப்போறதுதான் பயம். பஸ்ஸர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு உள்ளயே சர்க்யூட் இருக்கும், பேட்டரி குடுத்தா தானா கத்தும். இன்னொண்ணு வெறும் ஸ்பீக்கர் மாதிரி, நேர் கரண்ட் (டிசி) குடுத்தா "டிக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளிய ரெண்டும் ஒரே கருப்பு டப்பா. திருப்பி அடியப் பாத்தா தானா கத்துறது அநேகமா கருப்புப் பசை ஊத்தி மூடியிருக்கும், மத்ததுல பச்சை போர்டு தெரியும். ஆனா அதையும் நம்பாதீங்க, கவுண்டர்லயே பேட்டரிய வச்சுக் கத்த வச்சுப் பாத்து வாங்குங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கேட்கும்போது "12 வோல்ட் வரைக்கும் தாங்குற, டிசி குடுத்தா கத்துற பஸ்ஸர்"னு கேளுங்க. 5 வோல்ட்டுக்குன்னே வர்றதும் இருக்கு.

அடுத்து டிரான்சிஸ்டர். பிசி547 இல்லைன்னா "இதுவும் அதே மாதிரிதான்"னு 2என்3904 எடுத்துக் குடுப்பாங்க. வேலைக்கு ஓடும், பொய்யில்ல. ஆனா கால் வரிசை வேற. தட்டையான பக்கம் உங்களப் பாக்குற மாதிரி, கால் கீழ இருக்க மாதிரி புடிங்க. பிசி547-ல இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-ல எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே தலைகீழ். 24 பிள்ளைங்களும் கரும்பலகையில படம் பாத்துச் சொருகி ஒண்ணு கூட ஒழுங்கா ஓடலன்னா அன்னிக்கு கிளாஸ் என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. அதனால மேல உள்ள எழுத்தப் படிச்சுட்டுத்தான் காசு குடுக்கணும். எழுத்து பொடிசா இருக்கும், போன் கேமராவ வச்சுப் பெருசாக்கிப் பாருங்க.

மீட்டர டையோடு மோடுல வச்சு சிவப்பு முனைய நடுக் கால்ல புடிங்க. கருப்ப ரெண்டு ஓரத்துலயும் மாத்தி மாத்தி வச்சா ரெண்டு பக்கமும் 0.6-லிருந்து 0.7 வரைக்கும் காட்டணும். கொஞ்சூண்டு கூடக் காட்டுற பக்கம் எமிட்டர். அம்பதுல அஞ்சு எடுத்துப் பாத்தாப் போதும்.

கண்டென்சர் (கரண்டத் தேக்கி வைக்குற பாகம்) உங்களுக்கு இப்ப வேணாம், ஆனா அடுத்த வருஷம் வேணும். கெல்ட்ரான்னு கேட்டு வாங்குங்க, கேரளா அரசுக் கம்பெனி. பேர் தெரியாத பெரிய டப்பாவ கையில எடுத்தாலே இலவம் பஞ்சு மாதிரி இருந்தா வச்சுட்டு வந்துருங்க. நான் ஒண்ண அறுத்துப் பாத்தேன். 2200 மைக்ரோஃபாரட்னு போட்ட டப்பாக்குள்ள சுண்டுவிரல் நுனி அளவுல ஒரு குட்டிக் கண்டென்சர், சுத்திக் காத்து.

ஓம் விதி | வெள்ளி, மதியம் 2:10

எடையைச் சொன்னீர்களே, அதே சோதனை 18650 பேட்டரிக்கும் (டார்ச், பவர்பேங்கில் வரும் உருளை லித்தியம் செல்) உதவும். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்த அளவுக் கூட்டில் நல்ல கம்பெனிகள் செய்வதே 3500 பக்கம்தான். நல்ல செல் ஒன்று 45 கிராம் சுமார் இருக்கும். பாதி எடையில் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்.

வால்வு தாத்தா | வெள்ளி, மாலை 6:45

இந்தப் பேச்சைப் படித்ததும் ஐம்பது வருடம் பின்னால் போய்விட்டேன். கல்லூரி நாளில் ரேடியோ கட்டுவதற்காக, சென்ட்ரல் பக்கம் இருந்த மூர் மார்க்கெட்டில் பழைய செட்டுகளைப் பேரம் பேசி வாங்கி, அதிலிருந்து காயிலும் ஸ்டேஷன் மாற்ற உதவும் கேங் கண்டென்சரும் கழற்றி எடுப்போம். 1985-இல் அந்த மார்க்கெட் எரிந்துபோனது. புதுச் சாமானுக்கு அப்போதும் ரிச்சி தெருதான். பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த ஏசி128, பிசி148 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும்தான் எங்கள் உலகம். ஒரு ஏசி128 வாங்க இரண்டு நாள் மதியச் சாப்பாட்டுக் காசைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து, பஸ்ஸில் யாரும் இடிக்காதபடி கையை மேலே வைத்துக்கொண்டே தாம்பரம் வரை வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

டீச்சரம்மா, ஒரு வேண்டுகோள். முடிந்தால் இரண்டு பிள்ளைகளையாவது அந்தக் கடை வாசலுக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் கடையைப் படம் எடுத்து வந்து காட்டுங்கள். இத்தனை பாகங்கள் உலகத்தில் இருக்கின்றன என்று கண்ணால் பார்ப்பதே எங்களுக்குப் பாதிப் படிப்பாக இருந்தது.

கடலோரக் கம்பி | வெள்ளி, இரவு 8:30

நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்களுக்கு ரிச்சி தெரு மாதிரி ஒண்டு இங்க இல்லை. டவுனில ரெண்டு மூண்டு கடையில அடிப்படைச் சாமான் கிடைக்கும், மிச்சத்துக்குக் கொழும்பு புறக்கோட்டைக்குத்தான் ஆரும் போகேக்க சொல்லிவிடுறது. நான் செய்யிறது இதுதான்: ஒரு கொப்பியில வேணும் வேணும் எண்டு வாறதை எழுதி வச்சுக்கொண்டே வருவன். ஆரும் கொழும்புக்குப் போகினம் எண்டால் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்துவிடுவன். பாகத்தின்ர முழு இலக்கத்தையும், இல்லாட்டிப் பதிலுக்கு எதை எடுக்கலாம் எண்டதையும், எதை எடுக்கவே கூடாது எண்டதையும் எழுதிவிடோணும். வாங்கப் போறவருக்கு இலத்திரனியல் தெரியாது, கடைக்காரர் குடுக்கிறதைத்தான் வாங்கி வருவார். டீச்சர், உங்கட பட்டியலிலயும் "2என்3904 வேண்டாம்" எண்டு சிவப்பு மையில எழுதிவிடுங்கோ.

ஈயப்புகை | வெள்ளி, இரவு 9:00

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது ரொம்பச் சரி.

இன்னொண்ணு. காசு மிச்சம் பண்ண நம்ம ஊர் காயலான் கடைய விட்டுறாதீங்க டீச்சர். இலவச டிவி குடுத்தாங்கள்ல, அந்தப் பதினாலு இஞ்சு டிவி இன்னிக்கு ஒவ்வொரு காயலான் கடையிலயும் குவிஞ்சு கெடக்கு. சிஎஃப்எல் பல்பு போர்டுல மட்டும் 1என்4007 டையோடு, சோக்கு, ரெண்டு டிரான்சிஸ்டர், ஒரு கண்டென்சர்னு பத்து சாமான் தேறும். கழட்டுறதே பிள்ளைங்களுக்குப் பாடம்.

ஓம் விதி | வெள்ளி, இரவு 9:25

அண்ணா, உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் டிவி போர்டும் சிஎஃப்எல் போர்டும் வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் மெயினை நேராக்கினால் உள்ளே 325 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சர் பிடித்து வைத்திருக்கும். பிக்சர் ட்யூப் அதைவிட மோசம், நாள் கணக்கில் சார்ஜ் நிற்கும். சிஎஃப்எல் குழாய் உடைந்தால் பாதரசம். பத்து டையோடு 10 ரூபாய். அதற்காக ஒரு பிள்ளை அடிபடக் கூடாது.

ஈயப்புகை | வெள்ளி, இரவு 9:50

நீங்க சொல்றது நியாயம். நான் என் பட்டறை நெனப்புலயே எழுதிட்டேன். எங்க கடையில புதுசா வர்ற பையன ஆறு மாசம் டிவி பக்கமே விடமாட்டேன், பெரிய கண்டென்சர்ல 100 வாட் பல்ப வச்சு இறக்கின பொறவுதான் கைய வைக்கணும்னு சொல்லிக் குடுப்பேன். பள்ளிக்கூடத்துல அது வேணாம்.

பயமில்லாத சாமான் சொல்றேன். பேட்டரியில ஓடுற பழைய பொம்மை, பழைய லேண்ட்லைன் போன், அப்புறம் லேன் கேபிள். அஞ்சு மீட்டர் லேன் கேபிள உரிச்சா எட்டு கலர்ல எட்டு வயர், நாப்பது மீட்டர். உள்ள ஒத்தக் கம்பியா இருக்குற கேபிளாப் பாத்து வாங்குங்க, அது பிரெட்போர்டுல (பத்தவைக்காமச் சொருகுற துளைப் பலகை) கச்சிதமா இறங்கும். வயருக்குன்னு தனியாக் காசே வேணாம்.

மின்மினி டீச்சர் | ஞாயிறு, இரவு 10:40

கல்யாணம் முடிந்து ரயிலில் இருந்து எழுதுகிறேன். மடியில் பார்ட்ஸ் பை.

சனி காலை பத்தரைக்கு ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் மூன்று கடைகளில் லேப்டாப் வேண்டுமா என்று கேட்டார்கள். பிறகு ஒரு சந்துக்குள் டிராயர் அடுக்கின கடை கிடைத்தது. ஆறேழு பேர் நின்றிருந்தார்கள், எல்லோரும் ஏதோ எண்களைச் சொல்ல, கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி டிராயரை இழுக்கிறார். என் முறை வந்ததும் பேப்பரை நீட்டினேன். படித்துவிட்டு, "டீச்சரா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "கையெழுத்து" என்றார்.

பிசி547 இருந்தது. கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன், அதேதான். பஸ்ஸரை பேட்டரி வைத்துப் பார்த்தபோது முதலில் எடுத்துக் கொடுத்தது "டிக்" என்று மட்டும் சொன்னது! ஈயப்புகை அண்ணன் சொல்லாமல் இருந்தால் முப்பதையும் அப்படியே வாங்கி வந்திருப்பேன். மாற்றிக் கொடுத்தார், ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை.

கணக்கு, பில்லோடு சேர்த்து: 10கே, 1கே இரண்டு பாக்கெட் 80. பிசி547 நூறு 180. சிவப்பு எல்இடி நூறு 120. பஸ்ஸர் முப்பது 390. சின்ன டாட் போர்டு (பாகங்களைப் பற்றவைக்கும் துளைப் பலகை) முப்பது 360. பேட்டரி கிளிப் முப்பது 150. 9 வோல்ட் பேட்டரி 24-க்கு 432. சால்டரிங் ஈயம் 50 கிராம் 150. மொத்தம் 1862. மிச்சம் 138 ரூபாயில் காயலான் கடை லேன் கேபிள். தாத்தா, கடையின் படம் எடுத்துவிட்டேன், அவரே சிரித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

ஓம் விதி | திங்கள், காலை 8:00

அருமை டீச்சர். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். 60/40 ஈயம் என்றால் 60 பங்கு வெள்ளீயத்தோடு 40 பங்கு காரீயம் கலந்தது. ஜன்னல் ஓரம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடக் கூடாது.

இன்னொன்று, தண்ணீரில் டிசி ஓடினால் பிளஸ் கம்பி மெல்லக் கரையும். செம்பென்றால் சில வாரத்தில் பச்சை பிடித்துவிடும், அந்தப் பச்சை குடிக்கிற தண்ணீரில் கலக்கும். நுனியில் எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள், மோட்டார் ஓடும்போது மட்டும் ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். ஒரு கம்பி தொட்டியின் அடியிலும் ஒன்று மேலேயும் இருந்தால் இடைவெளி அதிகமாகி பஸ்ஸர் முனகலாம். அப்போது இன்னொரு பிசி547 சேர்த்து, ஒன்று பெருக்கியதை மற்றது மேலும் பெருக்கும்படி டார்லிங்டனாக்கினால் சரியாகும். நூறு வாங்கியது அதற்கும் காணும்.

மின்மினி டீச்சர் | அடுத்த வெள்ளி, மாலை 5:20

24-இல் 19 முதல் நாளே கத்தியது. மூன்றில் எல்இடி மாறியிருந்தது, ஒன்றில் ஈயம் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துவிட்டது. ஒன்று ஏன் என்று இன்னும் தேடுகிறோம்.

நீங்கள் சொன்னபடியே அடியில் ஒரு கம்பி விட்ட வாளியில் சத்தம் முனகியது. டார்லிங்டன் படத்தை நான் போர்டில் வரைந்துகொண்டிருந்தபோது பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், அடியில எதுக்கு? ரெண்டு கம்பியையும் மேலேயே பக்கத்துல பக்கத்துல தொங்கவிட்டா?" என்று கேட்டாள். விட்டுப் பார்த்தோம். வகுப்பே காதைப் பொத்திக்கொண்டது. தொட்டி நிரம்பும் வரை கம்பி தண்ணீரைத் தொடுவதே இல்லை என்பதால் கரைவதும் குறையும்.

ஈயப்புகை | அடுத்த வெள்ளி, மாலை 5:45

அந்த ஓடாத போர்டோட ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்க டீச்சர். பாத்துரலாம்.